படத்தைச் சுருக்கிய கதை (ஜிஃப், ஜேபெக், பிஎன்ஜி)

டிஸ்கி: எழுதுபவன் பி.காம். மாணவன். கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் தப்பு கண்டால் திட்டாமல் திருத்தவும். கொஞ்சம் நீளமான பதிவு, ஒரு டீ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.



இந்த வரலாற்றுப் பாடம் எனக்கு ஆரம்பித்த இடம் ஒரு பிரேம் போடும் கடை. ஆச்சி தவறி ஒரு வருஷம் ஆகப்போகிறது. வருஷத் திதிக்குப் பெரிய படமாகப் போட்டு மாலை சாத்த வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்தில் இரண்டு பேரும் மனையில் உட்கார்ந்திருக்கும் கலர் போட்டோ ஒன்று உண்டு. ஆச்சி சிரித்த முகமாக இருக்கும் ஒரே படம் அதுதான். அந்தப் பிரிண்ட் ஒரு மழைக்காலத்தில் ஈரம் பட்டு, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது உரிந்து வந்துவிட்டது. நல்லவேளையாக அதற்கு முன்பே, நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கையில், ஸ்டூடியோ அண்ணன் ஒருவர் தன் கேமராவில் நகல் எடுத்துப் பென் டிரைவில் போட்டுத் தந்திருந்தார்.

ஆனால் அந்த பைலை நான் சும்மா வைத்திருக்கவில்லை. ஓரத்தை வெட்டினேன், சேவ். வெளிச்சம் கூட்டினேன், சேவ். அளவைச் சுருக்கினேன், சேவ். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று தரத்தைக் குறைத்து, "கூடுதல் தகவல்களை நீக்கு" என்ற கட்டத்திலும் டிக் போட்டு, சேவ். எல்லாமே அதே பெயரில், அதே பைலின் மேல். 4 எம்பி படத்தை 90 கேபி ஆக்கிவிட்டேன் என்று அன்றைக்குப் பெருமை வேறு!

பிரேம் கடைக்காரர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். "தம்பி, முகம் பூரா கட்டம் கட்டமா இருக்கே. ஒரிஜினல் இல்லையா?" என்றார். ஆச்சியின் அரக்குச் சேலை வெளுத்த செங்கல் நிறத்தில் இருந்தது. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

நான் எங்கே தப்பு செய்தேன் என்று தேட ஆரம்பித்தேன். அது என்னை 1970களுக்குக் கொண்டுபோய் விட்டது. படத்தைச் சுருக்கும்போது ஏதோ ஒரு செலவு உண்டு, அதை யாரோ ஒருவர் கொடுக்க வேண்டும். இந்த வரலாறு முழுக்க அந்தச் செலவு யார் தலையில் விழுந்தது என்ற கதைதான்.

1. "மேற்படி" போட்ட ஜிஃப்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிகள் உள்ள ஒரு படம். மொத்தம் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், எண்ணுக்கு ஒரு பைட். ஆக 9,21,600 பைட். வினாடிக்கு 2400 பிட் வேகமுள்ள மோடத்தில் இது இறங்க 3072 வினாடி, அதாவது 51 நிமிஷம் ஆகும்.

1987ல் நிலைமை அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் கம்ப்யூசெர்வ் என்ற நிறுவனம் தொலைபேசி வழியாகத் தகவல் சேவை நடத்தி வந்தது. வாடிக்கையாளர்கள் இணைந்திருக்கும் நேரத்துக்குக் காசு கட்ட வேண்டும். ஆகவே பெரிய படம் என்றால் பெரிய பில். அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் வில்ஹைட்டின் குழு, 1987 ஜூன் 15 அன்று ஜிஃப் வடிவத்தை வெளியிட்டது.

அவர்கள் இரண்டு வழிகளில் சிக்கனம் பிடித்தார்கள். முதலாவது, ஒரு படத்துக்கு அதிகபட்சம் 256 நிறங்கள். அந்த 256 நிறங்களையும் பைலின் ஆரம்பத்தில் ஒரு பட்டியலாக எழுதிவிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் பட்டியலின் வரிசை எண்ணை மட்டும் எழுதுவது. மூன்று பைட் ஒன்றானது. 51 நிமிஷம் இப்போது 17 நிமிஷம்.

இரண்டாவது, எல்.இசட்.டபிள்யூ என்ற சுருக்கும் முறை. நம் பேரேட்டில் ஒரே விவரம் வரிவரியாக வந்தால் என்ன செய்வோம்? "மேற்படி" என்று போடுவோம். இதுவும் அதுதான், கொஞ்சம் புத்திசாலியான மேற்படி. படத்தில் வரும் புள்ளித் தொடர்களுக்கு எண் கொடுத்து அகராதி ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போகும். அதே தொடர் மறுபடி வந்தால் எண்ணை மட்டும் எழுதும். பிரித்துப் படிக்கும் நிரல் அதே அகராதியைத் தானே கட்டிக்கொள்ளும் என்பதால், அகராதியைத் தனியாக அனுப்ப வேண்டியதில்லை. ஒரு புள்ளி கூடத் தொலையாது.

ஒரே நிறம் பரந்து கிடக்கும் படங்களுக்கு (சின்னங்கள், வரைபடங்கள், எழுத்து) இது அருமை. போட்டோவுக்கு ஆகாது. முகத்தில் நெற்றியிலிருந்து கன்னம் வரை நிறம் மெல்ல மெல்ல மாறுகிறது. 256 நிறங்களில் அதை அடக்கினால் தோல் படிக்கட்டு மாதிரி தெரியும், அல்லது புள்ளி புள்ளியாகத் தூவி ஏமாற்ற வேண்டும்.

2. ஏழு வருஷம் கழித்து வந்த பில்

இனிமேல்தான் எங்கள் டிபார்ட்மென்ட் சமாச்சாரம்.

எல்.இசட்.டபிள்யூ என்பது மூன்று பெயர்களின் முதலெழுத்து. ஆப்ரஹாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் இருவரும் 1977லும் 1978லும் எழுதிய கட்டுரைகள்தான் அடிப்படை. அதை டெர்ரி வெல்ச் மேம்படுத்தி 1984ல் ஒரு கணினி இதழில் வெளியிட்டார். படித்தவர்கள் எல்லாம் எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஆனால் வெல்ச் அப்போது வேலை பார்த்த ஸ்பெர்ரி நிறுவனம் 1983 ஜூன் 20 அன்றே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தது. 1985 டிசம்பரில் அது கிடைத்தும்விட்டது. 1986ல் ஸ்பெர்ரியும் பர்ரோஸும் இணைந்து யூனிசிஸ் ஆனபோது, காப்புரிமையும் புதுக் கம்பெனியின் சொத்தில் சேர்ந்தது.

கம்ப்யூசெர்வுக்கு இது தெரியாது. ஜிஃப்பை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று தாராளமாக அறிவித்துவிட்டது. 1993ல் மொசைக் உலாவி வந்து, பக்கத்துக்குள்ளேயே படம் தெரிய ஆரம்பித்ததும் ஜிஃப் உலகம் முழுவதும் பரவியது. யூனிசிஸ் விழித்துக்கொண்டது. 1994 டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸ் விடுமுறை நேரத்தில், அறிவிப்பு வந்தது: ஜிஃப்பைக் கையாளும் மென்பொருளை விற்பவர்கள் இனி உரிமத் தொகை கட்ட வேண்டும்.

சட்டப்படி யூனிசிஸ் பக்கம் தப்பில்லை. இன்டாஞ்சிபிள் அசெட் என்று படித்தோமே, கண்ணுக்குத் தெரியாத சொத்து. அதில் வருமானம் தேடுவது கம்பெனியின் வேலை. ஆனால் இலவசம் என்று நம்பி ஏழு வருஷம் கட்டிய வீட்டுக்கு, அடியில் இருக்கும் மனை என்னுடையது என்று ஒருவர் வந்து நின்றால் எப்படி இருக்கும்? 1999ல் இன்னும் ஒரு படி போனார்கள். உரிமம் இல்லாத மென்பொருளில் உருவான ஜிஃப்களை வைத்திருக்கும் தளங்கள் 5000 டாலர் கட்டி உரிமம் பெறலாம் என்றார்கள். பதிலுக்கு 1999 நவம்பர் 5 "எல்லா ஜிஃப்களையும் எரிக்கும் நாள்" என்று அறிவிக்கப்பட்டது. பைலை எப்படி எரிப்பது என்று கேட்காதீர்கள் :-)

அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003 ஜூன் 20 அன்று காலாவதியானது. மற்ற நாடுகளிலும் 2004ல் முடிந்தது. அதற்குள் ஜிஃப்பின் போட்டியாளர் பிறந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது.

3. கோபத்தில் பிறந்த பிஎன்ஜி

அறிவிப்பு வந்த ஒரே வாரத்தில், 1995 ஜனவரி 4 அன்று, தாமஸ் பௌடெல் என்பவர் யூஸ்நெட்டில் ஒரு புது வடிவத்தின் முதல் வரைவைப் போட்டார். பல பேர் சேர்ந்துகொண்டார்கள். சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. ஆனாலும் இரண்டே மாதத்தில் அடிப்படை வடிவம் உறுதியானது. 1996 அக்டோபர் 1 அன்று டபிள்யூ3சி அதைத் தன் பரிந்துரையாக ஏற்றுக்கொண்டது. அதுதான் பிஎன்ஜி. "பிஎன்ஜி ஜிஃப் அல்ல" என்பதன் சுருக்கம் அது என்று குறும்பாக ஒரு விளக்கமும் உண்டு.

காப்புரிமைச் சிக்கல் இல்லாத, ஜிப் பைல்களில் பயன்படும் அதே டிஃப்லேட் முறையை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்தார்கள். வங்கி பாஸ்புக்கில் ஒவ்வொரு நாளும் மொத்த இருப்பை எழுதுவதற்குப் பதிலாக, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதினால் எண்கள் சின்னதாகும் அல்லவா? அதேபோலப் பக்கத்துப் புள்ளிக்கும் இந்தப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி, பிறகு சுருக்கினார்கள். 256 நிற வரம்பும் போனது. பாதி தெரியும், கால்வாசி தெரியும் என்று படிப்படியான ஒளிபுகும் தன்மையும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை தடவை திறந்து சேவ் செய்தாலும் ஒரு புள்ளி மாறாது.

ஆனால் ஒரு முடிவு எடுத்தார்கள்: ஒரு பைலுக்கு ஒரு படம்தான், அசையும் படம் வேண்டாம். ஜிஃப் அழியாமல் தப்பித்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். இன்னொரு பக்கம், 2001ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 பிஎன்ஜியின் ஒளிபுகும் பகுதியைச் சரியாகக் காட்டவில்லை. சாம்பல் நிறப் பட்டை தெரியும். 2006ல் பதிப்பு 7 வந்த பிறகுதான் அது சரியானது. நல்ல பொருள் செய்தால் மட்டும் போதாது, கடைக்காரர் அலமாரியில் வைக்கவும் வேண்டும். அசையும் பிஎன்ஜியோ 2025ல்தான் அதிகாரபூர்வ தரத்துக்குள் வந்தது!

4. தூக்கி எறியும் ஜேபெக்

என் ஆச்சி படத்தைக் கெடுத்தது ஜிஃப்பும் இல்லை, பிஎன்ஜியும் இல்லை. ஜேபெக்.

இதன் வேர் நஸீர் அகமது என்பவரிடம் இருக்கிறது. 1940ல் பெங்களூரில் பிறந்தவர், அமெரிக்காவில் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1972ல் ஒரு ஆய்வுக்காக நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷனிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. விடாமல் தொடர்ந்து, டி.நடராஜன், கே.ஆர்.ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரை வெளியிட்டார். அதன் பெயர் டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம். 1986ல் ஜேபெக் குழு அமைந்தபோது அதைத்தான் அடித்தளமாக எடுத்துக்கொண்டது. தரம் 1992ல் முடிவானது.

அது செய்வது இதுதான். முதலில் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும். நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வித்தியாசத்தில் கொஞ்சம் ஏமாளி. ஆகவே நிறத்தைப் பெரும்பாலும் பாதி அளவுக்குக் குறைத்துவிடும். பிறகு படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறும் பகுதி எவ்வளவு, வேகமாக மாறும் நுணுக்கம் எவ்வளவு என்று மேலே சொன்ன கணக்கைப் போட்டு எண்களாக்கும். கடைசியில் அந்த எண்களை ரவுண்ட் ஆஃப் செய்யும். நாம் பைசாவை விட்டுவிட்டு ரூபாய் மட்டும் எழுதுவோமே, அது மாதிரி. தரத்தைக் குறைக்கக் குறைக்க, பைசா மட்டுமல்ல, பத்து ரூபாய், நூறு ரூபாய் வரை ரவுண்ட் ஆஃப் ஆகும். நுணுக்கத்துக்கான எண்கள் பூஜ்யமாகும். பூஜ்யங்களைச் சுருக்குவது சுலபம்.

போட்டோவுக்கு இதைப் போலச் சிக்கனம் அந்தக் காலத்தில் வேறு இல்லை. ஆனால் போனது போனதுதான், திரும்ப வராது. நான் வெட்டி, சுருக்கி, வெளிச்சம் கூட்டி, ஒவ்வொரு தடவையும் சேவ் செய்தபோது புதுக் கட்டங்கள் பழைய கட்டங்களின் மேல் விழுந்தன. ரவுண்ட் ஆஃப் செய்த தொகையை மறுபடி மறுபடி ரவுண்ட் ஆஃப் செய்திருக்கிறேன். முதல் வருஷத் தணிக்கை மாணவனுக்கே தெரியும், அப்படிச் செய்தால் டோட்டல் டேலி ஆகாது. கடைக்காரர் பார்த்த கட்டம் கட்டமான முகம் அந்த எட்டுக்கு எட்டுதான்.

ஜேபெக்கும் பில்லில் இருந்து தப்பவில்லை. 2002ல் ஃபோர்ஜென்ட் என்ற நிறுவனம் தன்னிடம் இருக்கும் பழைய காப்புரிமை ஜேபெக்குக்குப் பொருந்தும் என்று கிளம்பியது. 10 கோடி டாலருக்கும் மேல் வசூல் ஆனது. 2006ல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுபரிசீலனையில் அதன் முக்கியக் கோரிக்கைகளை நிராகரிக்க, வழக்குகள் சமரசத்தில் முடிந்தன.

5. நிறம் என்பது எண் மட்டுமல்ல

சேலை ஏன் வெளுத்தது? இது தனிக் கதை.

1990களின் நடுவில் பல கணினித் திரைகள் ஒரே சமயத்தில் 256 நிறங்கள்தான் காட்டும். எல்லா இடத்திலும் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று 216 நிறங்களைப் "பாதுகாப்பான நிறங்கள்" என்றார்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் ஆறு படி: 0, 51, 102, 153, 204, 255. ஆறை மூன்று தடவை பெருக்கினால் 216. அந்தப் பட்டியலை வைத்தே தளங்களை வடிவமைத்தார்கள். 2000ல் டேவிட் லென், ஹாட்லி ஸ்டெர்ன் என்ற இருவர் சோதித்துப் பார்த்தபோது, பல வகைத் திரைகளிலும் மாறாமல் தெரிந்தவை வெறும் 22 நிறங்கள்தான்!

அடிப்படைச் சிக்கல் இது: சிவப்பு 150 என்று பைலில் இருக்கிறது. எந்தச் சிவப்பில் 150? "100" என்று மட்டும் ஒருவர் வவுச்சரில் எழுதினால் ரூபாயா டாலரா என்று கேட்போம் இல்லையா? 1993ல் பல நிறுவனங்கள் சேர்ந்து ஐசிசி என்ற அமைப்பை ஏற்படுத்தி, அந்த "ரூபாய், டாலர்" குறிப்பை எழுதுவதற்குப் பொது வடிவம் ஒன்றை உருவாக்கின. அதன் பெயர் கலர் புரொஃபைல். படத்தோடு சேர்த்து ஒட்டி வைக்கலாம்.

ஆனால் மோடம் காலத்தில் ஒவ்வொரு படத்திலும் அதை ஒட்டுவது பாரம். ஆகவே எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996ல் வேறு யோசனை சொன்னார்கள். குறிப்பு எதுவும் இல்லையென்றால், சராசரி மானிட்டரை ஒட்டி அமைந்த ஒரு பொது நாணயம் என்று எடுத்துக்கொள்வோம். அதுதான் எஸ்ஆர்ஜிபி. 1999ல் சர்வதேசத் தரமானது. இன்றும் வலையில் குறிப்பில்லாத படத்தை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஸ்டூடியோ அண்ணனின் கேமரா அடோபி ஆர்ஜிபி என்ற, இன்னும் விரிந்த நிறவெளியில் எடுத்திருக்கிறது. அதில் எழுதிய எண்ணை எஸ்ஆர்ஜிபியாகப் படித்தால் நிறம் வெளுத்துத் தெரியும். டாலரில் எழுதியதை ரூபாயாகப் படித்த மாதிரி. அந்தக் குறிப்பைத்தான் "கூடுதல் தகவல்களை நீக்கு" என்று நான் அழித்தேன். அடோபி ஆர்ஜிபி புரொஃபைலின் அளவு எவ்வளவு தெரியுமா? 560 பைட். ஒரு கேபி கூட இல்லை. அதை மிச்சம் பிடிக்கப்போய் ஆச்சி சேலையின் நிறத்தைத் தொலைத்தேன்.

6. அப்போ எதைப் பயன்படுத்துவது?

2010ல் கூகுள் வெப்பி வடிவத்தை அறிமுகப்படுத்தியது. 2019ல் ஏவிஐஎஃப் வந்தது. பின்னதை உருவாக்கிய கூட்டமைப்பில் பெரிய பெரிய நிறுவனங்கள் சேர்ந்து, உரிமத் தொகை இல்லாத வடிவம் வேண்டும் என்பதையே முதல் நிபந்தனையாக வைத்தன. யூனிசிஸ் காலத்துப் பாடத்தை மறக்கவில்லை என்று தெரிகிறது.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். எழுத்து, சின்னம், ஸ்கிரீன்ஷாட் என்றால் பிஎன்ஜி. போட்டோவை வலையில் போட ஜேபெக், வெப்பி, ஏவிஐஎஃப் ஏதாவது ஒன்று. வலைக்குப் போகும் படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள். மாற்றுவது வேறு, குறிப்பை அழிப்பது வேறு. திருத்தும் வேலையெல்லாம் முடியும்வரை இழப்பில்லாத வடிவத்தில் வைத்திருங்கள், கடைசியில் ஒரே ஒரு தடவை ஜேபெக் ஆக்குங்கள். ஒரிஜினலின் மேல் சேவ் செய்யாதீர்கள். ஒரிஜினலின் மேல் சேவ் செய்யாதீர்கள். (இரண்டு தடவை எழுதியது தவறுதலாக அல்ல.)

சரி, ஆச்சி படம் என்ன ஆச்சு?

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு ராத்திரி அந்த 90 கேபி பைலைத் திறந்தேன். கட்டங்களை ஒன்றும் செய்ய முடியாது, அந்த விவரம் உலகத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் நிறம்? எண்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன, குறிப்புதானே தொலைந்தது? அடோபி ஆர்ஜிபி புரொஃபைலை மறுபடி ஒட்டினேன். வெளுத்த செங்கல் நிறம் ஒரே நொடியில் அரக்காக மாறியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பீரோவைத் திறந்து அந்தச் சேலையையே எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். "ம், இதுதான்" என்றாள்.

பெரிய படம் போட முடியவில்லை. எஸ்ஆர்ஜிபிக்கு முறையாக மாற்றி, போஸ்ட்கார்டு அளவில் பிரிண்ட் போட்டோம். அந்த அளவில் கட்டங்கள் தெரியவில்லை. சின்னப் படம், பெரிய மாலை. திதிக்கு வந்தவர்கள் எல்லாரும் கிட்டத்தில் போய்க் குனிந்து பார்க்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரே ஒரு பிரதியாக ஒரு படம் இருக்கும். இன்றைக்கே அதை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.